இன்சுலின் திருத்தம் பெற்ற வரலாறு

சலரோகம் என்றும் நீரிழிவு என்றும் மக்கள் வழங்கும் நோய் மிகப் பழமையானது. பண்டை இந்திய மருத்துவ நூலார் அதற்கு மதுமேகம் எனப் பெயரிட்டனர். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்டு, அதில் இனிப்பு உண்டென்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். எனினும் நோயின் குறியை அறிதல் வேறு. அதன் வேரை அறிதல் வேறு. வேரை அறியப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை உலகம் காத்திருக்க நேர்ந்தது.

1869ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில் மருத்துவ மாணவராயிருந்த போல் இலாங்கர்ஹான்ஸ் என்பவர், இரைப்பையின் பின்னே கிடக்கும் சதையி என்னும் சுரப்பியை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தார். அச்சுரப்பியில் ஆங்காங்கே சிறு தீவுகள் போலக் கலங்கள் கூடி நிற்பதை அவர் கண்டார். அவை செய்யும் தொழில் யாது என்பது அவருக்கு விளங்கவில்லை. இருபது ஆண்டுகள் கழிந்தன. 1889இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் மேரிங், மின்கொவ்ஸ்கி என்னும் இருவர் ஒரு நாயின் சதையியை அகற்றியபோது, அந்நாய்க்குக் கடுமையான நீரிழிவு உண்டாயிற்று. உடலிலுள்ள சர்க்கரையை ஆளும் பொருளொன்று சதையியிலே சுரக்கின்றது என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. ஆயினும் அப்பொருளைப் பிரித்தெடுக்க முயன்றவர் பலரும் தோல்வியே கண்டனர்.

அக்காலத்தில் இந்நோய் வாய்ப்பட்ட சிறுவரின் நிலை இரங்கத்தக்கது. எவ்வளவு உண்டாலும் உடல் தேய்ந்தது. எவ்வளவு பருகினாலும் தாகம் தணியவில்லை. அமெரிக்க வைத்தியரான பிரெடெரிக் அலென் கையாண்ட முறை உணவை மிகமிகக் குறைத்தலாகும். அதனால் மரணம் சில மாதங்களோ சில ஆண்டுகளோ தள்ளிப்போயிற்று. நோயால் இறத்தல், அன்றேல் பட்டினியால் மெலிந்து நோயைத் தாமதித்தல் என்னும் இரண்டில் ஒன்றையே பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இந்நிலை மாறியது கனடா நாட்டின் ரொறன்ரோ நகரிலேயாம். 1921ஆம் ஆண்டுக் கோடை காலத்தில், பிரெடெரிக் பாண்டிங் என்னும் இளம் சத்திர வைத்தியரும், சார்ள்ஸ் பெஸ்ட் என்னும் மாணவரும், பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில் நாய்களைக் கொண்டு பரிசோதனைகளைத் தொடங்கினர். சதையியின் சாறு சர்க்கரையைக் குறைப்பதை அவர்கள் கண்டனர். 1922 ஜனவரி 11ஆம் நாள், ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் 14 வயதுச் சிறுவனான லியொனாட் தொம்சனுக்கு அச்சாறு ஊசிமூலம் ஏற்றப்பட்டது. அவனுடைய உடல் நிறை அப்போது 65 இறாத்தல் மாத்திரமே. முதல் முயற்சி நற்பயன் தரவில்லை. சாற்றிலிருந்த மாசுகளால் ஊசியிட்ட இடத்தில் சீழ்க்கட்டி உண்டாயிற்று. உயிர் இரசாயன அறிஞரான கொலிப் என்பவர் இரவு பகலாக முயன்று சாற்றைத் தூய்மையாக்கினார். ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் ஊசி போடப்பட்டபோது, சிறுவனின் இரத்தச் சர்க்கரை இறங்கிற்று. அவன் உடல் தேறினான். மேலும் 13 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான்.

1923ஆம் ஆண்டின் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்லியொட்டுக்கும் வழங்கப்பட்டது. பாண்டிங் தம் பங்கைப் பெஸ்டுடனும், மக்லியொட் தம் பங்கைக் கொலிப்புடனும் பகிர்ந்துகொண்டனர். மருந்தின் காப்புரிமையைப் பாண்டிங், பெஸ்ட், கொலிப் ஆகிய மூவரும் ஆளுக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கையளித்தனர். அந்த ஒரு டொலரின் பொருளை இவ்வரலாற்றின் முடிவிலே மீண்டும் நினைவுகூர வேண்டிவரும்.

இன்சுலின் உயிரைக் காத்தது உண்மையே. ஆனால் அது குறைகளற்ற மருந்தன்று. முதலாவதாக, அது புரதத்தின் இனத்தைச் சேர்ந்தது. ஆகையால் வாய்வழியே உட்கொண்டால் இறைச்சி, பருப்பு என்பவற்றைச் சீரணிப்பதுபோலவே குடல் அதனையும் சீரணித்துவிடும். ஊசி ஒன்றே வழியாயிற்று. இரண்டாவதாக, ஊசியால் ஏற்றிய இன்சுலினின் ஆற்றல் சில மணி நேரமே நின்றது. நோயாளி ஒரு நாளிற் பலமுறை ஊசி ஏற்றவேண்டும். நள்ளிரவிலும் துயில் கலைந்து எழவேண்டும். ஆரோக்கியமான சதையியோ இரவு பகலாகச் சிறிது சிறிதாக இன்சுலினைச் சுரந்து, உணவு வந்தபோது மாத்திரம் மிகுதியாகச் சுரக்கின்றது. இயற்கையின் இந்த ஒழுங்கை ஊசி மருந்தினாற் பின்பற்றுவது எங்ஙனம்? அடுத்து வந்த நூறாண்டு ஆராய்ச்சிக்கும் இக்கேள்வியே அடிப்படையாய் அமைந்தது.

முதலாவது விடை டென்மார்க்கிலிருந்து வந்தது. அந்நாட்டின் நோபல் அறிஞரான ஒகஸ்ட் குரோக்கின் மனைவி மரீ குரோக் தாமும் ஒரு வைத்தியர், நீரிழிவு நோயாளியுமாவர். 1922இல் அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்றிருந்த அத்தம்பதியர், ரொறன்ரோவிலிருந்து இன்சுலின் தயாரிக்கும் அனுமதியோடு தாயகம் திரும்பினர். அவர்களுடன் சேர்ந்து உழைத்த ஹான்ஸ் கிறிஸ்தியன் ஹேகடோர்ன் என்பவர், மீன்விந்தில் உள்ள புரொத்தமின் என்னும் புரதத்தை இன்சுலினோடு கலந்தால், அது தோலின் கீழ் மெல்ல மெல்லக் கரைந்து நெடுநேரம் வேலை செய்வதைக் கண்டு 1936இல் வெளியிட்டார். அவரது ஆய்வுகூடம் 1946இல் அதனைச் செம்மைப்படுத்தி ஆக்கிய பளிங்கு வடிவ மருந்து, இன்றும் உலகின் பல நாடுகளில் வழங்குகின்றது. ஆயினும் இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. ஹேகடோர்ன் இன்சுலினுக்கு ஒரு துணையைச் சேர்த்தாரேயன்றி, இன்சுலினை மாற்றவில்லை. மாற்றுவதற்கு அதன் அமைப்புத் தெரிந்திருத்தல் வேண்டும். அவ்வமைப்பு அன்று எவருக்கும் தெரியாது.

அதனை அறிந்து சொன்னவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெடெரிக் சாங்கர் ஆவர். அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிணைந்து அமையும் தொடருக்குப் பெப்டைட் என்பது பெயர். தொடர் நீண்டு பெரிதாகுமிடத்து அது புரதம் எனப்படும். இன்சுலின் இவ்விரண்டின் எல்லையில் நிற்பது. புரதங்களில் அமினோ அமிலங்கள் ஒரு திட்டமான வரிசையில் நிற்கின்றனவா என்பதே அக்காலத்தில் ஐயத்துக்கு இடமாயிருந்தது. 1940களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியில் இறங்கிய சாங்கர், தொடரின் முனையிலுள்ள அமிலத்துக்கு மஞ்சள் நிறப் பொருளொன்றை ஒட்டவைத்து, பின் தொடரைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் இனங்கண்டு, அவற்றை மீண்டும் வரிசைப்படுத்தினார். கிழிந்த ஏட்டின் துணுக்குகளைப் பொருத்திப் பார்த்து வாசகத்தைக் காண்பது போன்ற வேலை அது.

1955இல் முழு அமைப்பும் வெளியாயிற்று. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. அவை 21 அமிலங்கள் கொண்ட ஒரு தொடராகவும், 30 அமிலங்கள் கொண்ட மற்றொரு தொடராகவும் நிற்கின்றன. இரு தொடர்களையும் கந்தக அணுக்களாலான இரண்டு பாலங்கள் இணைக்கின்றன. சிறிய தொடருக்குள்ளேயே மூன்றாவது பாலம் ஒன்றும் உண்டு. சாங்கருக்கு 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. விலங்குகளின் இன்சுலினை மனித இன்சுலினோடு ஒப்பிட்டபோது மற்றுமோர் உண்மை புலப்பட்டது. பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஓர் இடத்தில் மாத்திரமே வேறுபடுகின்றது. மாட்டின் இன்சுலினோ மூன்று இடங்களில் வேறுபடுகின்றது. இருந்தும் அவை மனித உடலிலே தம் கடமையைச் செய்தன. ஆகவே, தொடரிலுள்ள எல்லா இடங்களும் ஒரே அளவில் இன்றியமையாதன அல்ல; சில இடங்களில் மாற்றம் செய்தாலும் மருந்தின் தொழில் கெடாது என்பது தெளிவாயிற்று. திருத்தம் செய்யலாம் என்பதற்கு இயற்கையே தந்த அத்தாட்சி இதுவாகும்.

வரிசை தெரிந்தது, உருவம் தெரியவில்லை. ஒக்ஸ்போட்டில் டொரத்தி ஹொட்ஜ்கின் அம்மையார் 1935இலேயே இன்சுலின் பளிங்கினூடாக எக்ஸ் கதிரைச் செலுத்திப் படமெடுத்திருந்தார். அப்படத்தின் பொருளை முற்றாக வாசித்தறிய அவருக்கு 34 ஆண்டுகள் சென்றன. இடையில் பெனிசிலின், வைற்றமின் பி12 ஆகியவற்றின் அமைப்பைக் கண்டு 1964இல் நோபல் பரிசும் பெற்றார். 1969இல் அவரும் அவர் குழுவினரும் இன்சுலினின் முப்பரிமாண உருவத்தை வெளியிட்டனர். துத்தநாகத்தோடு சேருமிடத்து இன்சுலின் மூலக்கூறுகள் தனித்து நில்லாது ஆறாறாகக் கூடி நிற்கின்றன என்பது அப்பளிங்கிலே தெளிவாகத் தெரிந்தது. ஊசியால் ஏற்றிய இன்சுலின் உடனே வேலை தொடங்காமைக்குக் காரணம் இதுவே. அறுவர் கூட்டம் கலைந்து, ஒவ்வொரு மூலக்கூறும் தனியே பிரிந்த பின்னரே இரத்தத்தை விரைந்து அடைய முடியும். அதனாலேயே உணவுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னர் ஊசி ஏற்றும் வழக்கம் உண்டாயிற்று.

மாற்றவேண்டிய இடம் தெரிந்தபின், மாற்றுவதற்கு ஒரு கருவி வேண்டும். 1963இல் அமெரிக்க அறிஞர் புரூஸ் மெரிபீல்ட், பிசின் மணியொன்றின் மீது அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கட்டிச் சிறு பெப்டைட்டுகளை ஆக்கும் முறையை வெளியிட்டார். 1965இல் சீன அறிஞர்கள் மாட்டின் இன்சுலினை முழுவதும் இரசாயன முறையிலேயே ஆக்கிக் காட்டினர். எனினும், உலக நோயாளர் அனைவருக்கும் போதிய அளவில் ஆக்கும் வழி நுண்ணுயிர்களாலேயே கிட்டியது. 1978இல் கலிபோனியாவில் ஜெனென்ரெக் நிறுவனத்தாரும் சிற்றி ஒவ் ஹோப் ஆய்வு நிலையத்தாரும், மனித இன்சுலினுக்குரிய மரபுக் கட்டளையைப் பற்றீரியாவினுள் புகுத்தி, அதனைக்கொண்டே இன்சுலின் தொடர்களை ஆக்குவித்தனர். 1982இல் இந்த மருந்து ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மரபுக் கட்டளையில் ஓர் இடத்தை மாற்றினால் தொடரிலும் ஓர் அமிலம் மாறும். கசாப்புக்கூடத்துச் சதையியை நம்பியிருந்த காலத்தில் நினைக்கவும் இயலாத ஆற்றல் இவ்வாறு மனிதனுக்கு வாய்த்தது.

‘மலை’ என்னும் சொல்லில் ஓரெழுத்து மாறின் அது ‘மழை’ ஆகும். எழுத்து மாறப் பொருளும் மாறுகின்றது. பெப்டைட் மருந்தைத் திருத்துவோர் செய்யவேண்டியதோ இதற்கு மறுதலையானது. எழுத்தை மாற்றவேண்டும், பொருள் மாறலாகாது. இப்பணியின் அருமை இதிலேயே அடங்கியுள்ளது.

அதற்கு முதல் எடுத்துக்காட்டு 1996இல் வெளிவந்த லிஸ்புரோ என்னும் இன்சுலின் ஆகும். பெரிய தொடரின் 28ஆம் இடத்தில் புரோலீனும், 29ஆம் இடத்தில் இலைசீனும் நிற்பது இயற்கை. உடலிலே இன்சுலினை ஒத்த வளர்ச்சிப் பொருளொன்று உண்டு. அதிலே இவ்விரண்டும் இடம் மாறி நிற்கின்றன. அப்பொருள் இன்சுலினைப் போல எளிதிற் கூட்டம் கூடுவதுமில்லை. இதனைக் கவனித்த எலி லில்லி நிறுவன அறிஞர்கள், இன்சுலினிலும் அவ்விரண்டையும் இடம் மாற்றினர். கூட்டம் விரைவிற் கலைந்தது. மருந்து விரைவில் வேலை செய்தது. அரை மணி நேரம் காத்திராமல், உணவுக்குச் சற்று முன்னர் ஊசி ஏற்றுவது இயலுவதாயிற்று. சோறு எப்போது வரும், குழந்தை உண்ணுமா மறுக்குமா என்று முன்கூட்டி அறியமுடியாத தாய்மாருக்கு இம்மாற்றம் பேருதவியாகும்.

மாற்றங்கள் எல்லாம் நன்மையாகவே முடிந்தன என்று கொள்ளலாகாது. பெரிய தொடரின் 10ஆம் இடத்தில் அஸ்பாட்டிக் அமிலத்தை வைத்து ஆக்கிய இன்சுலின் ஒன்று விரைவாகவும் வலிமையாகவும் வேலை செய்தது. ஆனால் அதனைப் பெருமளவிற் பெற்ற எலிகளுக்குப் பாற்சுரப்பியிற் கட்டிகள் தோன்றின. 1990களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. அம்மூலக்கூறு, கலங்களைப் பெருகச் செய்யும் வாயிலையும் அளவுக்கு மீறித் தட்டியதே காரணம் எனக் கருதப்பட்டது. மருந்தின் ஓர் உறுப்பை மாற்றுவோர் அதன் எல்லா நடத்தைகளையும் மீண்டும் சோதித்தல் வேண்டும் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி புகட்டிற்று.

விரைந்த இன்சுலின் உணவு வேளைக்கு உதவியது. இரவெல்லாம் சீராக நிற்கும் இன்சுலினுக்கு வேறு உபாயம் வேண்டியிருந்தது. இயற்கை இன்சுலின் சிறிது அமிலத்தன்மையுள்ள நீரிலே மிகவும் கரையாத நிலையை அடையும். உடலின் நடுநிலைத் திரவத்திலோ அது கரையும். சிறிய தொடரின் கடைசி அமிலத்தைக் கிளைசீனாக மாற்றி, பெரிய தொடரின் முடிவில் இரண்டு ஆர்ஜினீன்களைக் கூட்டியபோது, இந்த இயல்பு தலைகீழாயிற்று. அமிலத் திரவத்திற் கரைந்து தெளிந்திருக்கும் அம்மருந்து, தோலின் கீழ்ப் புகுந்தவுடன் நுண்துகள்களாகப் படிந்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரைகின்றது. கிளார்ஜின் எனப்படும் இது 2000ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்தது.

டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவன அறிஞர் மற்றொரு வழியைக் கண்டனர். இரத்தத்திலே அல்புமின் என்னும் புரதம் நிறைந்துள்ளது. அது கொழுப்பமிலங்களைச் சுமந்து திரிவது. இன்சுலினுக்கு ஒரு கொழுப்பமில வாலை ஒட்டிவிட்டால், அது அல்புமினைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் சுற்றிவரும் அல்லவா? இந்த எண்ணத்தில் 14 காபன் அணுக்கள் கொண்ட வாலையுடைய டெற்றெமிர் 2004இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. பின்னர் வந்த டெக்லுடெக் ஒரு நாளுக்கு மேலும் நின்று உதவியது. வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினாற் போதும் என்னும் ஐகொடெக் இன்சுலினுக்கு 2024இல் ஐரோப்பா அனுமதி வழங்கியது. நள்ளிரவில் எழுந்து ஊசி ஏற்றிய காலம் எங்கே, வாரத்துக்கு ஓர் ஊசி எங்கே!

இன்சுலினில் கற்ற பாடம் பிற பெப்டைட்டுகளுக்கும் பயன்பட்டது. உணவு உண்டபின் மனிதக் குடலிற் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்னும் ஓமோன், சதையியை இன்சுலின் சுரக்கத் தூண்டுகின்றது, பசியையும் தணிக்கின்றது. ஆயின், உடலிலுள்ள நொதியமொன்று அதனை இரண்டொரு நிமிடங்களில் வெட்டிவிடும். ஆகவே அதனை அவ்வாறே மருந்தாக்க இயலவில்லை. 1992இல் நியூயோர்க்கைச் சேர்ந்த வைத்திய அறிஞர் ஜோன் எங், அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் கீலா என்னும் நச்சுப் பல்லியின் நஞ்சிலே அவ்வோமோனை ஏறக்குறைய பாதியளவு ஒத்த பெப்டைட் ஒன்றைக் கண்டார். நொதியம் வெட்டும் இடத்தில் அலனீனுக்குப் பதிலாகக் கிளைசீன் நின்றமையால், அது எளிதில் வெட்டுப்படவில்லை. அதனை இரசாயன முறையில் ஆக்கிய மருந்து 2005இல் வெளிவந்தது. பின்னர் மனித ஓமோனையே எடுத்து, வெட்டுமிடத்திலுள்ள அலனீனை நீக்கி நொதியம் அறியாத ஓர் அமினோ அமிலத்தைப் பதித்து, 18 காபன் கொண்ட கொழுப்பமில வாலையும் சேர்த்து ஆக்கிய செமகுளுற்றைட், 2017இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டு நிமிட ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரமாக நீண்டது. 2019இல் அது வில்லையாகவும் வந்தது. இன்சுலின் அறவே சுரவாத நோயாளருக்கு இஃது ஈடாகாது. அவர்களுக்கு இன்சுலினே உயிர் மருந்து.

இவ்வளவு திருத்தங்களுக்கும் பின்னர், ஒரு டொலருக்குக் கைமாறிய அந்தக் காப்புரிமையை நினைத்துப் பார்த்தல் தகும். உலக சுகாதார தாபனம் 1977இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இன்சுலின் இடம் பெற்றது. இருந்தும், திருத்திய ஒவ்வொரு மூலக்கூறும் புதிய காப்புரிமை பெற்றது, விலையும் ஏறிற்று. செல்வ நாடான ஐக்கிய அமெரிக்காவிலேயே 2010களில் நோயாளர் பலர் விலைக்கு அஞ்சி மருந்தின் அளவைக் குறைத்து ஏற்றினர். 2021இலேதான் நெடுநேரம் நிற்கும் புதிய இன்சுலின்கள் அத்தியாவசியப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. 2023இல் அமெரிக்காவின் பெரிய உற்பத்தியாளர்கள் சில வகைகளின் விலையைப் பெரிதும் குறைக்க முன்வந்தனர். பழைய ஹேகடோர்ன் இன்சுலின் இன்றும் பல நாடுகளிற் கைவிடப்படாமைக்கு அதன் விலைக் குறைவும் ஒரு காரணமாகும்.

இலாங்கர்ஹான்ஸ் கண்ட சிறு தீவுகளிலிருந்து வாரத்துக்கு ஓர் ஊசி வரையுள்ள இவ்வரலாறு, ஒருவர் இருவரின் திறமையால் அமைந்ததன்று. ஒருவர் பொருளைப் பிரித்தார். ஒருவர் அதன் வரிசையைக் கண்டார். ஒருவர் அதன் உருவத்தைக் கண்டார். வேறு பலர் அவ்வறிவைக்கொண்டு ஓரிரு அமிலங்களை மாற்றினர். முன்னவர் தந்த அறிவின்றிப் பின்னவர் ஓரடியும் எடுத்து வைத்திருக்க முடியாது. மூலக்கூற்றைத் திருத்தும் கலை வெகுதூரம் முன்னேறியுள்ளது. அது வேண்டிய ஒவ்வொரு நோயாளியின் கையையும் சென்றடையுமாறு செய்யும் கலையே இன்னும் திருத்தம் வேண்டி நிற்கின்றது. 65 இறாத்தல் நிறையோடு படுத்திருந்த சிறுவனை எழுப்பிய மருந்து, அத்தகைய சிறுவர் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்களுக்கு எட்டும் அன்றே அந்த ஒரு டொலரின் நோக்கம் நிறைவேறும்.